பானையில் விளைந்த கள்: தொண்டை நாட்டு நெல் மதுவும் அது வீட்டைவிட்டு வெளியேறிய வரலாறும்

கள் என்ற சொல்லைக் கேட்டவுடன் இன்றைய தமிழர் நினைவில் எழுவது பனையும் தென்னையுமே. ஆனால் சங்க இலக்கியத்தில் அச்சொல்லோடு சில இடங்களில் சேர்ந்து வரும் வினை ‘அடுதல்’ என்பதாகும், அதாவது அடுப்பில் ஏற்றிச் சமைத்தல். பாளையைச் சீவிக் கலயம் கட்டி இறக்கும் கள்ளை யாரும் சமைப்பதில்லை. அது மரத்தின்மேல் தொங்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும், அதைப் புளிக்காமல் வைத்திருக்கத்தான் கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீராக இறக்க வேண்டியிருக்கிறது. எனவே அட்ட கள் என்பது வேறொரு பொருள்: அரிசியையோ பிற தானியத்தையோ வேகவைத்து, ஆற்றி, நொதிக்கவிட்டுப் பிழிந்தெடுத்த மது. பழச்சாறு, மரச்சாறு போல இயல்பிலேயே இனிப்பானவற்றை நொதிக்கவைத்துப் பெறுவது ஒரு வகை, தானியத்தின் மாவுச்சத்தை முதலில் சர்க்கரையாக மாற்றிப் பிறகு நொதிக்கவைத்துப் பெறுவது மற்றொரு வகை என்று மதுவைப் பிரிக்கும் இக்காலப் பகுப்பின்படி, அட்ட கள்ளுக்குரிய பெயர் பீர் என்பதே.

இந்தப் பழைய பீரின் செய்முறையை மிக விரிவாகச் சொல்லும் தமிழ் நூல் தொண்டை நாட்டின் நூலாக அமைந்திருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படை, பரிசில் பெறச் செல்லும் பாணன் ஒருவனுக்கு வழியிலுள்ள குடியிருப்புகளையும் அங்கே கிடைக்கும் உணவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறுவது. 500 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டில் ஒன்றாக, உ. வே. சாமிநாதையர் 1889 இல் வெளியிட்ட பதிப்பின் மூலம் அச்சில் பரவியது. இன்று ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே தொழிற்பூங்காவாகிவிட்ட வல்லம் வடகால், காஞ்சிக்குக் கிழக்கே, அந்நூல் பேசும் நாட்டுக்குள்ளேயே அடங்கும் ஊர். ஏரிப்பாசனமும் நெல்லுமாக வாழ்ந்த நாடு அது; ஊர்ப்பெயரின் இறுதியிலுள்ள ‘கால்’ என்ற சொல்லுக்கு வாய்க்கால் என்ற பொருளும் உண்டு என்பதை நினைத்துக்கொண்டால், பைக் தொழிற்சாலைக்கும் கொள்கலன் லாரிகளுக்கும் முந்திய நிலக்காட்சியை ஓரளவு ஊகிக்க முடியும். நெல் விளையும் இடத்தில் நெல்லிலிருந்தே மது ஆக்கியதில் வியப்பில்லை. வியப்புக்குரியது, அந்த வழக்கம் அங்கே அறவே மறக்கப்பட்டதுதான்.

பெரும்பாணாற்றுப்படை நெல் மதுவைக் குறைந்தது இருமுறை தொடுகிறது. முதலில், அரண் சூழ்ந்த குடியிருப்பில் வாழும் மறக்குடியினர் தம் வீட்டிலேயே ஆக்கிய ‘தோப்பி’ என்னும் மதுவைக் குடிப்பதாகக் கூறுகிறது. தோப்பி என்பதற்கு நெல்லால் செய்த கள் என்று உரை கூறுவது மரபு. பின்னர், மீன்பிடிக்கும் வலைஞர் குடியிருப்பை அடையும்போது, செய்முறையையே படிப்படியாக விவரிக்கிறது. குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகக் குழையும்படி துழாவிக் காய்ச்சுவது முதற்படி. அந்தக் களியை வாய் அகன்ற ‘பிழா’ என்னும் தட்டத்தில் பரப்பி ஆறவிடுவது அடுத்தது. ஆறிய களியில் ஓர் அடையைப் பொடித்துக் கலந்து, உறுதியான வாயையுடைய சாடியில் இட்டு, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, பச்சை வாடை நீங்கி முற்றியபின், உரைமரபின்படி வெந்நீர் விட்டு அரித்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்க வேண்டும். அதைச் சுட்ட மீனோடு பெறலாம் என்று பாணனுக்கு ஆசை காட்டுகிறார் புலவர்.

இந்த விவரத்தில் ஒன்றும் அலங்காரமில்லை என்பதை, இன்றைக்கும் வீட்டிலேயே அரிசி மது ஆக்கும் மக்களின் முறையோடு ஒப்பிட்டால் உணரலாம். ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் சந்தால், முண்டா, ஹோ ஆகிய பழங்குடியினர் ஆக்கும் ‘ஹண்டியா’ என்னும் மதுவுக்கும் அரிசியை வேகவைத்து, பாயில் பரப்பி ஆறவிட்டு, ‘ரானு’ என்னும் சிறு உருண்டைகளைப் பொடித்துத் தூவிப் பிசைந்து, மண்பானையில் சில நாள் மூடிவைத்து, பின் நீர் விட்டுக் கையால் பிழிந்து வடிக்கிறார்கள். சிக்கிம், கிழக்கு நேபாளப் பகுதிகளில் வாழும் லிம்பு மக்களின் ‘தோங்பா’வில் வெந்நீர் வருகிறது: நொதித்த கேழ்வரகின்மீது சுடுநீர் ஊற்றி, சற்றுப் பொறுத்து, குழல் வழியே உறிஞ்சுகிறார்கள். சமையலறையில் நின்று பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடிய வரிசை உருத்திரங்கண்ணனாரிடம் இருக்கிறது.

முழுச் செய்முறையின் மறைபொருளும் அந்த அடையிலேயே இருக்கிறது என்பதால் அதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். ஈஸ்ட் என்னும் நொதிப்பூஞ்சை சர்க்கரையை மட்டுமே மதுவாக மாற்ற வல்லது. அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை எங்கிருந்து பெறுவது என்ற கேள்விக்கு உலகம் இரண்டு பெரிய விடைகளைக் கண்டது. ஒன்று, தானியத்தை நனைத்து முளைக்கவிட்டு உலர்த்துதல். முளைக்கும் விதை தன் உணவுக்காகத் தானே அந்த நொதிகளைச் சுரக்கும், அவ்வாறு முளைகட்டி உலர்த்திய தானியத்துக்கே மால்ட் என்று பெயர், பார்லி பீரின் அடிப்படை அது. மற்றொன்று, மாவுச்சத்தை உடைக்கும் பூஞ்சையை அரிசியிலோ மாவு அடையிலோ வளர்த்துக் கலத்தல். சீனம், கொரியா, ஜப்பான் தொடங்கி நம் வடகிழக்கு மாநிலங்கள், ஹண்டியா நாடு வரை பரவியுள்ள முறை இது.

பெரும்பாணாற்றுப்படையின் அடை இவற்றுள் எந்த வகை? உரைமரபு அதை நெல்முளையால் ஆன அடை என்று கொள்கிறது, அதாவது மால்ட். ஆனால் புலவர் காட்டும் உவமை வேறு திசையிலும் இழுக்கிறது. அடையின் தோற்றத்துக்கு அவர் ஒப்பிடுவது பாம்பு உறையும் புற்றுக்குள் கிடைக்கும் குரும்பியை. குரும்பி என்பது கறையான் புற்றினுள் காணப்படும், கடற்பஞ்சு போல் துளைகள் நிறைந்த கூடு, அதன்மேல் கறையான்களே வளர்க்கும் வெண்பூஞ்சை படர்ந்திருக்கும். அடையின் புறத்தையும் பூவோடு தொடர்புபடுத்தியே புலவர் வருணிக்கிறார். உணவின்மேல் பூசணம் படர்வதைப் ‘பூத்துவிட்டது’ என்று சொல்வது இன்றும் தமிழ் வழக்கு. வெறும் முளைமாவை அப்படி வருணிப்பதைவிட, பூஞ்சை பிடித்துப் பூத்த ஓர் அடையை அப்படி வருணிப்பதே இயல்பாகத் தோன்றுகிறது. தென்னிந்தியாவில் ‘சொண்டி’ எனப்பட்ட அரிசி மதுவில் மாவுச்சத்தை உடைக்கும் பூஞ்சை, நுண்ணுயிரியல் நூல்களில் ரைசோபஸ் சொண்டி என்ற பெயராலேயே குறிக்கப்படுகிறது என்பதால், பூஞ்சை வழி தென்னாட்டுக்கு அந்நியமானதன்று. நெல்முளையின் நொதித்திறன் பார்லி முளையைவிடக் குறைவு என்பதும் இந்த வாசிப்புக்கு இசைவானதே. எனினும் முளைமாவை அடையாகத் தட்டி வைத்து, அதன்மேல் பூஞ்சை படரவிட்டிருந்தால் உரைகாரரும் உவமையும் ஒருசேரச் சரியாகிவிடும். அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று கொள்வதில் பிழையில்லை.

மதுவுக்குப் பழந்தமிழில் வழங்கிய பெயர்களும் இந்தச் சமையலறைக் கணக்கையே ஒப்புவிக்கின்றன. பிழியப்படுவதால் பிழி, அரிக்கப்படுவதால் அரியல், தெளிந்து நிற்பதால் தேறல். பாத்திரங்களுக்கும் தனித்தனிப் பெயர்: ஆற்றுவதற்குப் பிழா, முற்றவைப்பதற்குச் சாடி, குடிப்பதற்கு வள்ளம். (குடிகலமாகிய வள்ளத்துக்கும் ஊராகிய வல்லத்துக்கும் எழுத்திலேயே வேறுபாடு உண்டு, இரண்டையும் இணைத்துக் கதை கட்ட இடமில்லை.) இன்னொரு பகுதியில், நீர்ப்பெயற்று என்னும் கடற்கரை ஊரில் கள் அடும் பெண்கள் வள்ளங்களைக் கழுவி ஊற்றிய நீர் தேங்கிச் சேறாகி, அதில் பன்றிக்குட்டிகள் புரள்வதையும் இதே நூல் காட்டுகிறது. ஆக்குபவர் பெண்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஹண்டியா ஆக்குபவர்களும் பெண்களே, இடைக்கால இங்கிலாந்தில் ஏல் என்னும் மதுவை வீட்டில் ஆக்கி அக்கம்பக்கத்தாருக்கு விற்றவர்களும் பெரும்பாலும் பெண்களே. சோறு ஆக்கும் கையே மதுவையும் ஆக்கியதால் இது தொழிலாகவும் எண்ணப்படவில்லை, சாதியாகவும் இறுகவில்லை.

செலவைப் பொறுத்தவரை இதைவிட மலிவான மது இருக்க முடியாது. தேவைப்பட்டது அரிசி, விறகு, பானை, முந்தைய முறையிலிருந்து எடுத்துவைத்த அடை ஆகியவை மட்டுமே. இவற்றுள் பெரும்பாலானவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. குளிர்நாட்டு ஏல் நொதிக்க ஒரு வாரத்துக்கு மேலாகும். லாகர் என்னும் வகையோ பத்து டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் காத்திருக்கும். தொண்டை நாட்டு வெப்பத்திலோ இரண்டு நாள் போதும். அதே வெப்பம்தான் அதன் குறையும்: அதன்பின் புளிப்புப் பாக்டீரியா முந்திக்கொள்ளும், சில நாளில் அது காடி. ஐரோப்பியர் பீரில் சேர்த்த ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ அதைக் கெடாமல் காத்தது, அதனால் பீர் பீப்பாயில் ஏறிக் கடல் கடந்தது. தோப்பிக்கு அத்தகைய காப்பு இல்லாததால் அது ஆக்கிய வீட்டைவிட்டு வெகுதூரம் போகவில்லை. சேமிக்க இயலாத சரக்கை வணிகன் விரும்புவதில்லை. எண்ணி அளக்க இயலாத சரக்கை அரசன் விரும்புவதில்லை.

இந்த இரண்டாவது உண்மை பல்லவர் காலச் செப்பேடுகளிலிருந்தே தெரியத் தொடங்குகிறது. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட பல்லவர்கள் பிராமணர்களுக்கு ஊர்களைக் கொடையளித்தபோது நீக்கிக்கொடுத்த வரிகளின் பட்டியலில் ‘ஈழம்பூட்சி’ என்று ஒன்று வருகிறது. கள் இறக்குவோர் செலுத்திய வரி என்று அதற்கு விளக்கம் தரப்படுகிறது. கொடையூர்களில் தெங்கிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்னும் கட்டளையும் அக்காலச் சாசனங்களில் பழகிய ஒன்று. வரியும் தடையும் மரத்தையே பற்றிக்கொண்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். மரம் வெளியில் நிற்கிறது, எண்ணலாம். ஏறுபவன் யார் என்று தெரியும், பிடிக்கலாம். அடுப்படியில் மூடிவைத்த சாடியை எண்ண எந்த அதிகாரியாலும் முடியாது. நெல் மதுவைப் பற்றிய பேச்சு பிற்காலத்தில் அருகிப் பனங்கள்ளே கள்ளின் பொதுப்பெயரைக் கவர்ந்துகொண்டதற்கு, கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறள் முதலிய அறநூல்களின் செல்வாக்கும் சமண பௌத்தப் போதனையும் ஒரு காரணமாகலாம். ஆயினும் அறநூல்கள் பனங்கள்ளையும்தான் கண்டித்தன, பனங்கள் அழியவில்லை.

கும்பினி ஆட்சியில் பீர் என்ற பெயரோடு வந்தது வேறொரு சரக்கு. லண்டனின் பௌ மதுவாலையிலிருந்து ஹாட்ஜ்சன் குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியத் துறைமுகங்களுக்குப் பீப்பாய் பீரை அனுப்பி வந்தனர். கப்பல் கூலியும் சுங்கமும் ஏறிய அது வெள்ளை அதிகாரிகளின் மேசைக்கே உரியதாக இருந்தது. சிப்பாய்களுக்கும் எட்டும் விலையில் பீர் வேண்டுமானால் இங்கேயே ஆக்க வேண்டும், ஐஸ் இயந்திரம் இல்லாத காலத்தில் அதற்குக் குளிர் வேண்டும் என்பதால் மதுவாலைகள் மலைக்கு ஏறின. நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மதுவாலைகள் தோன்றின. அவற்றில் சிலவற்றையும் பெங்களூர் மதுவாலைகளையும் ஒன்றிணைத்து தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1915 இல் உருவாக்கிய நிறுவனமே யுனைடெட் புரூவரிஸ். தொண்டை நாட்டுச் சமவெளியின் சாடியில் இரண்டு நாளில் விளைந்த பொருளை, ஊட்டியின் குளிரில் பார்லியும் ஹாப்ஸும் கொண்டு ஆக்கி மாட்டுவண்டியில் இறக்கும் ஏற்பாடு அது.

அதே காலத்தில் சட்டமும் இறுகியது. ‘ஆப்காரி’ என்ற பாரசீகச் சொல்லால் வழங்கிய மதுவரி நிர்வாகத்தை 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் முழுமையாக ஒழுங்குபடுத்தியது. உரிமம் பெறாமல் மது ஆக்குவதும் கள் இறக்குவதும் குற்றமாயின. சாராயத்துக்கு அரசின் கண்காணிப்பிலுள்ள வடிசாலை, கள்ளுக்கு மரத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் மரவரி, விற்பனைக்கு ஏலத்தில் எடுக்கும் கடைக் குத்தகை என்று மூன்று வாய்க்கால்களில் பணம் கருவூலத்துக்குப் பாய்ந்தது. மாகாண அரசின் வருவாயில் நிலவரிக்கு அடுத்த பெரும்பங்குகளில் ஒன்றாக ஆப்காரி வளர்ந்தது. குத்தகைதாரர் ஏலத்தில் கட்டிய தொகையை மீட்க வேண்டுமானால் அவருடைய வட்டாரத்தில் யாரும் வீட்டில் மது ஆக்கக்கூடாது. ஆகவே வீட்டு மதுவைப் பிடிப்பதில் அரசு அதிகாரிக்கு இருந்த அக்கறையைவிடக் குத்தகைதாரருக்கு இருந்த அக்கறை மிகுதி. குடியைக் குறைப்பது இச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்று சொல்லப்பட்டாலும், குடியைக் கடைக்கு நகர்த்தியதே அதன் விளைவு.

வங்காள மாகாணம் இதில் வேறு வழி சென்றது. அங்கே 1909ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம், நொதித்த அரிசி முதலிய தானியங்களையும் அவற்றிலிருந்து பெறும் மதுவையும் ‘பச்வாய்’ என்று தனியே வரையறுத்தது. பழங்குடியினர் தம் வீட்டுத் தேவைக்கு அதை ஆக்கிக்கொள்ள விலக்கும் கிடைத்தது. இத்தகைய விலக்குகளின் நீட்சியாகவே கிழக்கிந்தியாவில் ஹண்டியாவும் அசாமிய அரிசி மதுக்களும் வீட்டுப் பொருள்களாக உயிரோடிருக்கின்றன. அசாமின் திமாசா மக்கள் ஒட்டரிசியும் ‘தெம்ப்ரா’ மரப்பட்டையும் கொண்டு ஆக்கும் ‘ஜூதிமா’வுக்கு 2021 இல் புவிசார் குறியீடே வழங்கப்பட்டது. தொண்டை நாட்டின் நெல் மதுவுக்கு விலக்கு கேட்க யாரும் இருக்கவில்லை. அதை ஆக்கியவர்கள் பழங்குடி என்ற தனி அட்டவணையில் அடங்காத உழவரும் மீனவரும்.

வருவாய்க்காக வீட்டுப் பானையை மூடியது சென்னை மாகாணம் மட்டுமன்று. ஜப்பான், சீனத்தோடு நடத்திய போருக்குப் பின் மதுவரியைப் பெருக்க விரும்பி, உழவர்கள் வீட்டில் ஆக்கிவந்த ‘தோபுரோகு’ என்னும் வடிக்காத அரிசி மதுவை 1899 இல் தடை செய்தது. அந்தத் தடை இன்னும் முழுமையாக நீங்கவில்லை. கொரியாவில் 1909ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்திலிருந்து ஜப்பானிய ஆட்சி வீட்டு மதுவைப் படிப்படியாக நெருக்கி ஒழித்தது. அங்கே வீட்டில் மது ஆக்கும் உரிமை 1995 இல்தான் திரும்பியது. இங்கிலாந்தில் 1880 முதல் வீட்டில் பீர் ஆக்குவோர் உரிமம் பெற வேண்டியிருந்தது. நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் 1963 இல் அந்த உரிமத்தை நீக்கியதும், கடைப் பீரைவிட மிகக் குறைந்த செலவில் வீட்டிலேயே நல்ல பீர் ஆக்கும் பழக்கம் அங்கே பெருகி, மால்ட் கூழும் ஈஸ்டும் அடங்கிய டப்பாக்கள் மருந்துக்கடைகளிலேயே விற்கும் அளவுக்குச் சென்றது. அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் 1978 இல் ஒப்பமிட்ட சட்டம், வயதுவந்தோர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டுக்கு 200 காலன் என்று வரம்பிட்டு வரியில்லாமல் ஆக்க அனுமதித்தது. நுண்மதுவாலைகள் என்று இன்று உலகெங்கும் பேசப்படும் இயக்கத்தின் தலைமுறை அந்த வீட்டுப் பானைகளிலிருந்து எழுந்ததே.

தமிழ்நாட்டில் கதை எதிர்த்திசையில் திரும்பியது. சி. இராஜகோபாலாச்சாரி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்தார்; இழந்த ஆப்காரி வருவாயை ஈடுசெய்ய 1939 இல் கொண்டுவந்த பொது விற்பனை வரி, மதுவிலக்கின் பக்கவிளைவாகப் பிறந்து அதைவிட நீண்ட ஆயுளோடு வாழ்ந்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு பரவியது. 1971 இல் மு. கருணாநிதி ஆட்சியில் அது தளர்ந்து, சில ஆண்டுகளில் மீண்டு, எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் 1981 இல் மறுபடி தளர்ந்தது. 1983 இல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனைக்காக உருவாகி, 1987 தொடக்கத்தில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கதவு மூடப்பட்டு, 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. இத்தனை திருப்பங்களிலும் மாறாமல் நின்றது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். உரிமத்தோடு ஆலையில் ஆக்கியதை அரசே விற்கலாம் என்னும் ஏற்பாடு அச்சட்டத்தின் விதிவிலக்குகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது, பொதுவிதியோ தடைதான். ஆல்கஹால் அடங்கிய எல்லா நீர்மங்களையும் மது என்று வரையறுக்கும் அச்சட்டத்தில், மது ஆக்குவது மட்டுமன்றி அதற்கான பொருளையும் கலத்தையும் வைத்திருப்பதும் குற்றம்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் சுட்ட வேண்டும். ‘காய்ச்சுதல்’ என்ற சொல் தமிழ்நாட்டில் சாராயம் காய்ச்சுவதோடு ஒட்டிப்போய்விட்டதால், வீட்டில் பீர் ஆக்குவதும் கள்ளச்சாராயமும் ஒன்றே என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சாராயம் நொதித்த ஊறலைக் கொதிக்கவைத்து ஆவியைக் குளிரவைத்து இறக்குவது, அதாவது வாலைவடித்தல். தோப்பியிலோ ஹண்டியாவிலோ பீரிலோ அந்தப் படியே இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் மாண்டதற்குக் காரணமான மெத்தனால் அரிசி நொதிக்கும் பானையில் பிறப்பதன்று. ஆலைகளில் பயன்படும் வேதிப்பொருளாகிய அது சாராயமென்று விற்ற சரக்கில் கலக்கப்பட்டது. அந்தத் துயருக்குப் பின் சட்டத்தின் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. நெல் மதுவின் கேடு வேறு: தூய்மையில்லாத பானையில் அது கெட்டுப் புளிக்கும், மிகுதியாகக் குடித்தால் எந்த மதுவும் செய்வதைச் செய்யும். இவ்விரண்டு கேடுகளையும் ஒரே பெயரால் அழைப்பது நிர்வாகத்துக்கு எளிது, வரலாற்றுக்கு உதவாது.

முழுவதும் அழிந்ததா என்றால், ஒரு கிளை மட்டும் சென்னைக் கடற்கரையோரம் ஒளிந்து வாழ்ந்தது. சோற்றை நாள்கணக்கில் புளிக்கவைத்துப் பிழியும் ‘சுண்டக்கஞ்சி’ வடசென்னையின் குடிசைப் பகுதிகளிலும் மீனவர் குப்பங்களிலும் மலிவான மதுவாக விற்கப்பட்டு, போலீஸ் சோதனைகளில் பானை பானையாகக் கொட்டப்பட்டு, திரைப்பட நகைச்சுவையில் கேலிப்பொருளாக நிலைத்தது. வலைஞர் குடியிருப்பில் சுட்ட மீனோடு கிடைக்கும் அரிசி மதுவைப் பெரும்பாணாற்றுப்படை பாடியதற்கும், அதே கரையின் குப்பங்களில் மீனோடு சுண்டக்கஞ்சி ஓடியதற்கும் இடையே அறுபடாத ஒரு தொடர்ச்சி உண்டு என்று நிறுவ இடைக்காலச் சான்று போதாது. ஆனாலும் அரிசியும் மீனும் வறுமையும் உள்ள இடத்தில் அந்தப் பானை மீண்டும் மீண்டும் முளைத்தது என்று சொல்லத் தடையில்லை.

வல்லம் வடகால் இந்த வரலாற்றின் இரு முனைகளும் அறியாமலே சந்திக்கும் இடமாகியிருக்கிறது. சிப்காட் தொழிற்பூங்காவாகிய அங்கே ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் ஆலை 2017 இல் உற்பத்தியைத் தொடங்கியது. 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பு வளாகம் 706.50 கோடி ரூபாய் செலவில் எழுந்து 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நெல்வயல் இருந்த பரப்பில் நெல் இன்று மூட்டையாக வெளியிலிருந்து வருகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தின் ஆலைகளுக்கும் கட்டுமானங்களுக்கும் வேலை தேடி வந்திருப்போரில் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் மாநிலத்தவர் கணிசமானோர். அரிசியை ஆற்றி, ரானு கலந்து, பானையில் மூடும் வரிசை அவர்களில் பலருடைய ஊர்களில் திருமணத்துக்கும் அறுவடைக்கும் இன்றியமையாத வீட்டு வேலை. தொண்டை நாடு மறந்த செய்முறை, அதை மறக்காதவர்களின் நினைவில் தொண்டை நாட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது, செய்யத்தான் முடியாது. வேலை முடிந்து பீர் வேண்டுவோருக்கு உள்ள சட்டப்படியான வழி, 650 மில்லி புட்டியை அரசுக் கடையில் வாங்குவது. மதுவிலிருந்து மாநிலத்துக்குக் கிடைத்த வரி வருவாய் 2023–24 இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது என்பதை வைத்துப் பார்த்தால், மரத்தை எண்ணினாலும் சாடியை எண்ண முடியாத பல்லவ அதிகாரியின் சிக்கல் புட்டியை எண்ணுவதன் மூலம் முற்றாகத் தீர்ந்துவிட்டது தெரியும்.

நெல் மதுவை ஆக்கத் தேவையான கைத்திறன்கள் மட்டும் தொண்டை நாட்டுச் சமையலறையைவிட்டு ஒருபோதும் போகவில்லை, பிரிந்து கிடக்கின்றன. கேழ்வரகை நனைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் தாய் செய்வது மால்ட் தயாரிப்பே. சிறுதானியங்களுள் கேழ்வரகு முளைக்கு நொதித்திறன் மிகுதி என்பது உணவியலார் கண்டது. இரவுச் சோற்றில் நீரூற்றிக் காலையில் நீராகாரமாகக் குடிப்பதும், இட்லி மாவைப் பொங்கவிடுவதும் நொதித்தலே. முளையும் நொதித்தலும் ஒரே பானையில் சேர்ந்தால் மது. இங்கே அவை தனித்தனிப் பானைகளில், தத்தம் எல்லையில் நிறுத்தப்படுகின்றன. ஆடி மாதத்தில் காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் வட்டார மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழுக்குக் கேழ்வரகு மாவை முந்தைய நாளே கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய்யோடு துழாவிக் காய்ச்சி, ஆறவிட்டு, மோரும் வெங்காயமும் சேர்த்து அண்டா அண்டாவாக எடுத்துச் செல்கிறார்கள். சில ஊர்களில் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பும் உண்டு. துழாவுதல், ஆற்றுதல், புளிக்கவைத்தல் என்று சங்கப் புலவர் காட்டிய வினைகள் வரிசை மாறி அங்கே நிற்கின்றன. மாவு புளிக்க அனுமதிக்கப்படுவது ஓர் இரவு மட்டுமே.